மான்குட்டியைத் தின்ற மண்புழு

ஒரு காட்டில் ஓர் ஆய்வு மையம் இருந்தது. காடு என்றால் முதலில் சிங்கத்தைச் சொல்ல வேண்டும் என்பது மரபு. இந்தக் காட்டுச் சிங்கம் வருடம் முழுக்க வெளியூர் விழாக்களுக்குச் சிறப்பு அழைப்பாளராகப் போய்க்கொண்டிருந்ததால் அதைக் கதையில் சேர்க்க முடியவில்லை. சிங்கம் இல்லாத குறை யாருக்கும் தெரியவும் இல்லை.

மையத்தின் பெயர் ‘அடித்தளக் குரல்கள் ஆய்வு மையம்’. அது ஒரு மருத மரத்தின் உச்சிக் கிளையில் நடந்துவந்தது. இயக்குநர் முனைவர் அழகேசன், ஒரு சிறுத்தை. வீடு பாறைமேட்டில், வேலை மரத்தில். “மேலே இருப்பவருக்கு மேலே இருப்பது மட்டும்தான் தெரியும். கீழே இருப்பவருக்கு மேலும் தெரியும், கீழும் தெரியும். ஆகவே அறிவு என்பது கீழிருந்து வர வேண்டும்” என்பது அவருடைய கொள்கை. நல்ல கொள்கைதான், நான் குறை சொல்லமாட்டேன். கிளையில் வாலைத் தொங்கவிட்டுப் படுத்துக்கொண்டு அவர் இதை விளக்கும்போது கீழே நிற்கிறவர்களுக்குக் கழுத்து வலிக்கும், அவ்வளவுதான்.

அந்த வருடம் கோடையில் புள்ளிமான் மந்தையில் ஒரே மாதத்தில் இரண்டு குட்டிகள் காணாமல் போயின. ஒன்று மரகதம் என்ற மானின் குட்டி. அவள் பஞ்சாயத்துத் தலைவரான காட்டெருதிடம் போய் அழுதாள். காட்டெருது நெடுநேரம் அசைபோட்டுவிட்டு, விஷயத்தை ஆய்வு மையத்துக்கு அனுப்பிவைத்தார். தேடினால் யாராவது அகப்பட்டுவிடுவார்கள், ஆராய்ந்தால் அறிக்கைதான் அகப்படும் என்று அறிந்தவர் அழகேசன். உடனே ஒப்புக்கொண்டார்.

ஆராய்ச்சி தொடங்கும் முன்பே காட்டுக்குக் குற்றவாளி யார் என்று தெரிந்துவிட்டது. பாறைமேட்டில் அழகேசனுக்கு நான்கு வீடு தள்ளிக் குடியிருந்த சுடலைமுத்து என்ற கழுதைப்புலிதான் அது. மனைவியை இழந்தவர், இரண்டு குட்டிகள். செத்ததைத் தின்று, மிஞ்சிய எலும்பை வாசலில் போட்டுவைத்திருப்பார். வாசலில் எலும்பு இருந்தால் வீட்டுக்குள் கொலை இருக்கும் என்றன மான்கள். பின்பக்கம் தாழ்ந்து நடக்கிறவன் நல்லவனாக இருக்கவே முடியாது என்றன முயல்கள். முயல்களின் பின்பக்கம் எப்படி என்று யாரும் கேட்கவில்லை.

சுடலைமுத்து குற்றமற்றவர் என்று அந்தக் காட்டில் ஒரே ஒருத்திக்குத்தான் நிச்சயமாகத் தெரியும். அவள் பெயர் இசக்கி. சாணம் உருட்டும் வண்டு.

காட்டில் யார் எதைத் தின்றார் என்பதைத் தின்றவர் மறந்துவிடுவார், இசக்கி மறக்கமாட்டாள். விரதம் என்று சொல்லிவிட்டு நண்டு தின்ற குரங்கு, வயிற்றுக்கடுப்பை மறைத்துக்கொண்டு நடனப் போட்டிக்குப் போன மயில், எல்லாம் அவளுக்குத் தெரியும். எந்த வீட்டுக்கும் அவள் முன்வாசல் வழியாகப் போனதில்லை. அவள் வருகிற வழியில் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். அவள் ஒரு வாரம் வராவிட்டால் அதே மூக்கை வைத்துக்கொண்டு அந்த வீட்டில் குடியிருக்க முடியாது என்பதை மட்டும் பேசமாட்டார்கள். எனக்கு இதைச் சொல்லும்போதே கோபம் வருகிறது. இசக்கிக்கு வராது. அவளுக்கு வேலை இருந்தது.

ஆய்வு உதவியாளர் தவசிலிங்கம் என்ற கொக்கு இலைக்கட்டோடு அவளிடம் வந்தார். ஒற்றைக்காலில் நின்றார். பாரபட்சம் இல்லாமல் இருக்க அதுதான் வழி என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

“இசக்கியம்மா, நீங்கள் கூறுவது ரகசியமாகப் பாதுகாக்கப்படும். உங்கள் பெயரும் நீங்கள் சொல்லும் எவருடைய பெயரும் மாற்றி எழுதப்படும். சம்மதம் என்றால் பெருவிரல் ரேகை வையுங்கள்.”

இசக்கியின் ஆறு கால்களில் எது பெருவிரல் என்று இருவரும் சேர்ந்து சிறிது நேரம் தேடினார்கள். கடைசியில் நடுக்காலை வைத்தாள்.

“எழுதிக்கோங்க ஐயா. நான் இசக்கி. பாறைமேட்டுப் பின்பக்கம் தெனமும் போறவ. சுடலைமுத்து அண்ணாச்சி ஒரு பாவமும் அறியாதவரு. அவரு வெளிக்குப் போனா சுண்ணாம்பு மாதிரி வெள்ளையா இருக்கும். பழைய எலும்பு தின்னா அப்படித்தான். அதுல ஒரு முடி கூட கெடயாது. அழகேசன் ஐயா வீட்டுக்குப் பின்னாலதான் மான்குட்டி முடியும் பிஞ்சுக் குளம்பும் கெடக்கு. ரெண்டு தடவையும் நான்தான் பாத்தேன்.”

தன் இயக்குநரின் பெயரைக் கேட்டுக் கொக்கு திடுக்கிட்டிருக்கும் என்று நினைப்பீர்கள். அப்படியெல்லாம் இல்லை. ஒரு பெயர் காதில் விழுந்ததும் அதற்கு மாற்றுப் பெயரை எழுதுவது, எழுதியதும் அசல் பெயரை மறந்துவிடுவது என்பதில் தவசிலிங்கம் பயிற்சி பெற்றவர். மையத்தில் அவரைவிட வேகமாக மறக்கக்கூடியவர் கிடையாது. அதற்காகவே இரண்டு முறை ஊதிய உயர்வு வாங்கியவர். எழுதி முடித்துச் சிறகை விரித்துப் போய்விட்டார்.

பத்து நாளில் அறிக்கை வந்தது. பஞ்சாயத்தில் எல்லாரும் கூடியிருக்க, காட்டெருது முக்கியமான பகுதியைப் படித்தார்.

“தேன்மொழி கூறுகிறார்: பொன்னுலிங்கம் ஒரு பாவமும் அறியாதவர். சுடலைமுத்து வீட்டின் பின்புறம்தான் மான்குட்டியின் முடியும் பிஞ்சுக் குளம்பும் கிடக்கின்றன. இருமுறையும் நானே பார்த்தேன்.”

பக்கத்தின் அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி இருந்தது. பெயர்கள் அனைத்தும் மாற்றப்பட்டுள்ளன என்று அதில் எழுதியிருந்தது. அடிக்குறிப்பைப் படிக்கிற பழக்கம் அந்தக் காட்டில் யாருக்கும் இல்லை. படிக்கத் தெரிந்த காட்டெருதுக்கும் அந்த வயதில் அவ்வளவு சின்ன எழுத்து தெரியாது.

மூன்று நாளில் காட்டைவிட்டுப் போக வேண்டும் என்று சுடலைமுத்துவுக்குத் தீர்ப்பாயிற்று. லாரி ஓடும் ரோட்டைத் தாண்டி, கல்குவாரிப் பக்கம். அவர் ஒரு குட்டியை வாயில் கவ்விக்கொண்டு இன்னொன்றை நடத்திக் கூட்டிப்போனார். இசக்கி உருட்டிக்கொண்டிருந்ததை அப்படியே விட்டுவிட்டு எல்லைவரை கூடவே ஓடினாள்.

“அண்ணாச்சி, நான் உங்களுக்காகத்தான் சாட்சி சொன்னேன்.”

சுடலைமுத்து குட்டியைக் கீழே வைத்தார். “தெரியும் தங்கச்சி. நீ நல்லவ. இனிமே எனக்காக ஒண்ணும் சொல்லாத.”

ரோட்டில் ஒரு லாரி போனது. அது போகும்வரை காத்திருந்து, குட்டிகளைத் தாண்டவைத்து, திரும்பிப் பார்க்காமல் போனார். இசக்கி அன்று முழுக்க ஒரு உருண்டை கூட உருட்டவில்லை. தன் வாயிலிருந்து வந்த உண்மை போகிற வழியில் எப்படிப் பொய்யாக மாறியது என்று அவளுக்குப் புரியவே இல்லை.

மறுநாள் அவள் மருத மரத்தில் ஏறினாள். உச்சிக் கிளைக்குப் போய்ச் சேர அரைநாள் ஆயிற்று. அங்கே டோக்கன் வாங்கச் சொன்னார்கள். டோக்கன் அடிமரத்தில் கொடுப்பார்கள் என்றார்கள். இறங்கி, வாங்கி, மறுபடி ஏறினாள்.

“ஐயா, நான் சொன்னதைத் தலகீழா எழுதிட்டீங்க. சுடலைமுத்து அண்ணாச்சி செய்யலன்னுலா நான் சொன்னேன்.”

தவசிலிங்கம் பொறுமையாகச் சொன்னார். “அறிக்கையில் இருப்பது தேன்மொழியின் வாக்குமூலம்.”

“அந்தத் தேன்மொழி நான்தான?”

“அதை நான் சொல்லக்கூடாது. ரகசியம்.”

“நானே சொல்லுதேன், நான்தான்னு.”

“நீங்கள் சொன்னால் அது உங்கள் அனுபவம். அறிக்கையில் வந்தால்தான் அறிவு. திருத்தம் வேண்டுமென்றால் படிவம் இருக்கிறது. தேன்மொழி கையெழுத்துப் போட வேண்டும்.”

இசக்கி படிவத்தை அவர் பக்கமே தள்ளினாள். பிறகு, “சரி ஐயா, எத்தனையோ பேரு இருக்க, அந்தக் களவாணிக்குச் சுடலைமுத்துன்னு எதுக்குப் பேரு வச்சீங்க?” என்று கேட்டாள்.

இதைக் கேட்டதும் கொக்கின் முகம் மலர்ந்தது. முறையியலைப் பற்றி அவரிடம் இதுவரை யாரும் கேட்டதே இல்லை. மாற்றுப் பெயர்கள் காட்டுக்குப் பொருந்தும் இயல்பான பெயர்களாக இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே காட்டின் வாக்காளர் பட்டியலையே எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். பட்டியல் பாறைமேட்டிலிருந்து வீட்டு வரிசைப்படி தொடங்கியது. ஒன்று தேன்மொழி, இரண்டு பொன்னுலிங்கம், மூன்று சுடலைமுத்து. வாக்குமூலம் கொடுப்பவருக்கு முதல் பெயர், பிறகு வாயில் வரவர அடுத்தடுத்த பெயர்.

“அசல் சுடலைமுத்து ஒருத்தர் இருக்காருன்னு தெரிஞ்சும் எழுதுனீங்களா?”

“வரிசையில் ஒருவரைத் தாண்டினால் அது பாரபட்சம் ஆகிவிடும் அம்மா” என்றார் தவசிலிங்கம். “அடுத்த ஆய்வுக்கு நான்காம் எண்ணிலிருந்து எடுப்பேன்.”

அவர் கெட்டவர் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கெட்டவராக இருந்திருந்தால் ஒரு கூடை மீன் கொடுத்து மாற்றியிருக்கலாம். நேர்மையானவரை என்ன செய்ய முடியும்?

இதற்கிடையில் அறிக்கைக்கு நல்ல பெயர் கிடைத்தது. அடித்தளத்திலிருந்து ஒலித்த குரல் என்று பாராட்டி, தேன்மொழிக்கு விழா எடுத்தார்கள். தேன்மொழி என்பது பாறைமேட்டு இலுப்பை மரத்து உச்சியில் இருந்த ஒரு தேன்சிட்டு. எதற்குக் கூப்பிட்டார்கள் என்று அதற்குத் தெரியாது. மேடையேறி, மாலையை வாங்கிக்கொண்டு, “கீழே நிறைய கஷ்டம் இருக்கிறது, மேலிருந்து பார்க்கும்போதே தெரிகிறது” என்று பேசியது. அழகேசன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். விழா முடிந்த பிறகு அந்த இடத்தைச் சுத்தம் செய்தது இசக்கிதான்.

சுடலைமுத்து போய் ஒரு மாதம் ஆனது. மூன்றாவது மான்குட்டி காணாமல் போயிற்று.

மரகதம் பஞ்சாயத்தில் வந்து நின்றாள். “அந்த ஆளத்தான் வெரட்டியாச்சே, பிறவு யாரு?” என்று கேட்டாள். காட்டெருது அசைபோட்டார். இரண்டாம் ஆய்வுக்கு உத்தரவாயிற்று. இந்த முறை அறிக்கையை இயக்குநரே எல்லார் முன்னிலையிலும் வாசிக்க வேண்டும் என்று மான்கள் பிடிவாதம் பிடித்தன. அழகேசன் சந்தோஷமாகச் சம்மதித்தார்.

தவசிலிங்கம் மறுபடி இசக்கியிடம் வரப்போகிறார் என்று காகம் வந்து சொன்னது. ஒரு பொழுது அவகாசம் இருந்தது. இசக்கி உட்கார்ந்து யோசித்தாள்.

அவளுக்கு எழுத்து தெரியாது. ஆனால் பாறைமேட்டு வீடுகளைப் பின்பக்கத்திலிருந்து அவளைப்போல் அறிந்தவர் கிடையாது. சுடலைமுத்து மூன்று, கொக்கு அடுத்து எடுக்கப்போவது நாலிலிருந்து. குட்டிகளுக்கு ஓட்டு இல்லை. அடுத்த வீடு முள்ளம்பன்றி, புருஷனும் பெண்டாட்டியும், நாலு, அஞ்சு. அதற்கடுத்து உடும்பு வீடு. அங்கே உடும்பின் மனைவி கோமதி ஒருத்திதான் இருக்கிறாள், ஆறு. பிறகு ஆந்தை, ஏழு. அப்புறம் அழகேசன், எட்டு.

கால்களை மடக்கி எண்ணி முடித்தபோது அவளுக்கு ஏதோ உறுத்தியது. கோமதியின் புருஷன் சங்கரபாண்டி செத்து இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. அவருடைய எச்சத்தை அவள் பார்த்தே வெகுநாளாயிற்று. ஆனால் போன தேர்தலில் அவர் ஓட்டுப் போட்டார் என்று காட்டில் ஒரு பேச்சு உண்டு. எச்சம் போடாதவர் ஓட்டு மட்டும் போடுகிறார் என்றால் பட்டியலில் இருக்கிறார் என்றுதானே அர்த்தம்? ஒரு காலைக் கூட்டினாள். அழகேசன் எட்டு இல்லை, ஒன்பது.

இதில் ஒரு கால் தவறினாலும் ஆந்தை ஊரைவிட்டுப் போக வேண்டியதுதான். ஆந்தைக்குக் கண் திறக்காத குஞ்சு ஒன்று இருந்தது. இசக்கி மூன்று தடவை எண்ணிப் பார்த்தாள். அவள் பிறந்ததிலிருந்து பொய் சொன்னவள் இல்லை. சாணத்தோடு வாழ்கிறவர்களுக்குப் பொய் பழக்கமில்லை, அதில் எல்லாம் அப்படியே கிடக்கும். அன்று காலையில் அவள் ஒரு பொய்யைச் சொல்லிச் சொல்லிப் பழகினாள்.

கொக்கு வந்து ஒற்றைக்காலில் நின்றார். நடுக்கால் ரேகை வைத்தாயிற்று.

“எழுதிக்கோங்க ஐயா. இசக்கியாகிய நான் பாத்தேன்.” அவள் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். “காக்கா கத்துச்சு. தேரை எட்டிப் பாத்துச்சு. நண்டு பக்கவாட்டுல ஓடுச்சு. நத்தை காப்பாத்தலாம்னு வந்துச்சு, ஆனா மெதுவாத்தான் வர முடிஞ்சுது. அதுக்குள்ள மண்புழு மான்குட்டியை முழுசாத் தின்னு முடிச்சிருச்சு.”

தவசிலிங்கம் எழுதுவதை நிறுத்தினார். இசக்கிக்கு உயிர் போய் உயிர் வந்தது.

“மண்புழு ஆணா, பெண்ணா?” என்றார் அவர்.

“ரெண்டும்தான் ஐயா.”

இரண்டு கட்டத்திலும் குறி போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அறிக்கை வாசிக்கும் நாளில் மருத மரத்தடியில் கூட்டம் நெரிந்தது. அழகேசன் கிளையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் எந்த அறிக்கையிலும் தாம் எழுதிய அணிந்துரையைத் தவிர வேறெதையும் படித்தவர் இல்லை. அதை முதலில் இரண்டு முறை வாசித்தார். பிறகு கனத்த குரலில் வாக்குமூலத்துக்கு வந்தார்.

“வள்ளியம்மையாகிய நான் பார்த்தேன். ஆறுமுகநயினார் கத்தினார். சங்கரபாண்டி எட்டிப் பார்த்தார்.”

உடும்பு கோமதி தள்ளாடி எழுந்தாள். “அவுக வந்திருந்தாகளா?” என்று கேட்டாள். “வந்தவுக வீட்டுக்கு வரலயே.” அவளைப் பக்கத்தில் இருந்தவர்கள் தேற்றி உட்காரவைத்தார்கள்.

“கோமதி பக்கவாட்டில் ஓடினார். முத்தையா காப்பாற்ற வந்தார், ஆனால் மெதுவாகத்தான் வர முடிந்தது. அதற்குள் மான்குட்டியை முழுசாகத் தின்று முடித்தது அழ…”

அழகேசன் நிறுத்தினார். கூட்டம் காத்திருந்தது. நடுவில் நிறுத்தக்கூடாது என்று காட்டெருது சொன்னார். அழகேசன் இலையைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் ஒன்றும் இல்லை. கிளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிளி எட்டிப் பார்த்து, “அழகேசன்” என்று முழுசாக வாசித்துவிட்டது.

மரகதம் அவரையே பார்த்தாள்.

“இது நான் இல்லை” என்றார் அழகேசன். “இது மாற்றப்பட்ட பெயர். அடிக்குறிப்பைப் பாருங்கள்.”

“போன தடவ அடிக்குறிப்பைப் பத்தி நீங்க ஒண்ணும் சொல்லலயே” என்றாள் மரகதம்.

“போன தடவையும் மாற்றப்பட்ட பெயர்தான்” என்று உறுமினார். உறுமிய பிறகுதான் தாம் என்ன சொன்னோம் என்பது அவருக்குத் தெரிந்தது.

காட்டெருது அசைபோடுவதை நிறுத்தியது அந்தக் காட்டில் அதுவே முதல் தடவை. “அப்போ சுடலைமுத்து?” என்று கேட்டார்.

அழகேசன் கிளையில் எழுந்து நின்றார். தவசிலிங்கத்தைப் பார்த்து, “அசல் பெயரைச் சொல்லும், உடனே சொல்லும். நான் உத்தரவிடுகிறேன்” என்றார். விதியை மீறுவதா, இயக்குநரை மீறுவதா என்று தவசிலிங்கம் கால் மாற்றி நின்றார். முதல் தடவையாக இரண்டு காலையும் ஊன்றினார். மறந்ததை நினைவுக்குக் கொண்டுவர அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“உண்மையில் மான்குட்டியைத் தின்றது,” என்றார், “ஒரு மண்புழு.”

காடே சிரித்தது. மரகதம் மட்டும் சிரிக்கவில்லை. அவள் நேராகப் பாறைமேட்டுக்கு நடந்தாள், மந்தை பின்னால் போயிற்று. சிறுத்தை வீட்டின் முன்வாசலில் நிற்காமல், இசக்கி தினமும் போகிற பின்பக்க வழியாகப் போனார்கள். அங்கே கிடந்ததைப் பார்த்தார்கள். யாரும் மூக்கைப் பொத்திக்கொள்ளவில்லை.

அழகேசன் அன்றே ரோட்டைத் தாண்டிப் போனார். போகிற வழியில் கல்குவாரியில் கிளை ஆய்வு மையம் தொடங்கும் வாய்ப்பு இருக்கிறதா என்று விசாரித்ததாகக் கேள்வி. தவசிலிங்கம் இயக்குநர் ஆனார். முறையியல் சரியாக இருந்தால் உண்மை தானாக வரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று ஒரு நூல் எழுதினார். வள்ளியம்மை என்ற முள்ளம்பன்றிக்கு விருது கொடுத்தார்கள். அவளுக்கு மாலை போட்டவரின் கையில் முள் குத்திவிட்டது.

சுடலைமுத்து ஐந்தாம் நாள் திரும்பி வந்தார், இரண்டு குட்டிகளோடும். மறுகுடியேற்றப் படிவத்தில் ‘வெளியேறிய காரணம்’ என்ற இடத்தில் ‘ஆராய்ச்சி’ என்று எழுதிக் கொடுத்தார். இசக்கி எல்லையில் காத்திருந்தாள். நடந்ததையெல்லாம் அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

“மண்புழு பாவம்லா, தங்கச்சி. அது மேல பழியப் போட்டுட்டியே.”

“அதுக்குப் பட்டியல்ல பேரே கெடயாது அண்ணாச்சி. என் பேரும் கெடயாது. நம்ம ஆளுக மேல எத வேணும்னாலும் சொல்லலாம், எழுதுத எடத்துல நிக்காது.”

மறுநாள் விடிந்ததும் இசக்கி பாறைமேட்டுப் பின்பக்கமாகப் போனாள். மூன்றாம் வீட்டுக்குப் பின்னால் அது கிடந்தது. சுண்ணாம்பு போல வெள்ளை. உருட்டுவதற்கு லாயக்கில்லாதது. அவள் அதன் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

நீதி: கீழே இருப்பவர் ஓர் உண்மையைச் சொல்ல வேண்டுமானால் வாக்காளர் பட்டியலை, செத்தவர்கள் உட்பட, மனப்பாடம் செய்திருக்க வேண்டும். மேலே இருப்பவருக்கு அவ்வளவு சிரமம் இல்லை. அணிந்துரைக்கு அடுத்த பக்கத்தையும் ஒரு தடவை புரட்டிப் பார்த்துக்கொண்டால் போதும்.